ரோலர் சுவிச்சில் தொங்கிய துண்டு

“ஒரே ஒரு வரியைத்தான் எடுத்தேன்” என்று யாராவது என் முன்னால் சொன்னால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலைக்குச் சுள்ளென்று ஏறும். சொன்னவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையாக இருக்கும். எடுத்தது எதற்கும் உதவாத வரியாகவும் இருக்கும். ஆனாலும் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வேன். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பத்ரகாளி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். அப்படிப்பட்ட ஒரு வரிக்கு என் தம்பி இரண்டு விரலைக் கொடுத்தான்.

நான் ட்ரைவர் எழுதுகிறவள். பஸ் ஓட்டுகிற டிரைவர் இல்லை. கொம்பியூட்டருக்கும் அதில் பூட்டியிருக்கும் இயந்திரக் கார்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற புரோகிராம். அந்தக் கார்டில் சின்னதாக ஒரு மெமரிப் பகுதி இருக்கும். கொம்பியூட்டருக்கும் அது தெரியும், இயந்திரத்துக்கும் அது தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே ‘ஒன்று’ என்று எழுதினால் அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடும். ‘பூச்சியம்’ என்று எழுதினால் நிற்கும். மற்ற மெமரியில் பிழையாக எழுதினால் ஒரு படம் கெடும், ஒரு எழுத்து மாறும். இங்கே பிழையாக எழுதினால் எங்கேயோ ஓர் இரும்பு அசையும்.

அதனால்தான் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு ட்ரைவர் அந்தப் பகுதியைத் தொடும் முன்னால் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும்: “இங்கேயிருந்து இதுவரை எனக்கு.” யாரும் பிடிக்காத இடம் என்றால் கொடுக்கும். ஏற்கெனவே இன்னொரு ட்ரைவர் பிடித்திருந்தால் ‘பிஸி’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும். ஆனால் இது வெறும் மரியாதைதான். கேட்காமலே நேரே போய் எழுதினால் இயங்குதளம் கையைப் பிடித்துத் தடுக்காது. கேட்பதும் கேட்காததும் எழுதுகிறவருடைய யோக்கியதை.

தம்பிக்கு இதை நான் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் வைத்து விளக்கினேன். ஒரு தீபாவளிக்கு, சாமான் வாங்கக் கண்டிக்கு வந்திருந்த அவனோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவன் அங்கே மேலே ஒரு தோட்டத்தில், எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஃபெக்டரியில், ரோலர் ரூமில் வேலை பார்த்தான். வாடிய கொழுந்தைப் போட்டு உருட்டிக் கசக்குகிற பெரிய மெஷின்தான் ரோலர். அதன் அடிக்கதவில் ஈரக்கொழுந்து அடைத்துக்கொண்டால் கையை விட்டுத்தான் இழுக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கை விடப் போகிறவன் மெஷினை நிறுத்துவான். நின்றதும் தலையில் கட்டியிருக்கிற துண்டை அவிழ்த்து அந்தச் சுவிச்சின்மேல் போடுவான். துண்டு கிடக்கிறவரைக்கும் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையே வந்தாலும் அந்தச் சுவிச்சைத் தொடமாட்டார். துண்டுக்குச் சொந்தக்காரன்தான் எடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அப்பா காலத்தில் ஒருத்தன் விளையாட்டுக்கு இன்னொருத்தன் துண்டை எடுத்தான் என்று தோட்டக் குடியிருப்பான லயமே சேர்ந்து அவனுக்குச் செருப்பைக் காட்டியதாம்.

“நீங்க துண்டு போடுற மாதிரித்தான்டா” என்றேன்.

“அப்ப ஒங்க கொம்பியூட்டருக்கும் துண்டு இருக்கா அக்கா?”

“இருக்கு.”

“யாராச்சும் அத எடுத்துக் கடாசிட்டு ஓட்டுனா?”

“எடுக்கமாட்டாங்கடா. எடுக்கிறவன் மனுசனா?”

அவன் சிரித்துவிட்டு வெளியே பார்த்தான். பஸ் வளைவில் திரும்பியது. அம்மாவுக்கு வாங்கிய அப்பிள் பை என் மடியில் சரிந்தது.

எங்கள் ஆபீஸ் பேராதனை வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, தேயிலை ஃபெக்டரிகளை ஒரே பெட்டியிலிருந்து இயக்குகிற சாமான் செய்யப்போகிறேன் என்று அந்த இடத்தை எடுத்தார். நன்றி கெட்டுப் பேசமாட்டேன். பேராதனையில் படித்து முடித்து நான் எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, தோட்டத்து முகவரியைப் பார்த்ததும் முகம் சுருக்கியவர்களைத்தான் கண்டேன். இவர் ஒருவர்தான் முகவரியைப் பார்க்காமல் என் வேலையைப் பார்த்தார். “நாளைக்கே வாரும் பிள்ளை” என்றார். அதனால்தான் பிற்பாடு வந்த கோபம் இரண்டு மடங்காக வந்தது.

ஆபீசில் மூன்றாவது ஆள் நானா. கார்டை வடிவமைத்தவர் அவர். அக்குறணைப் பக்கம், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், முஸ்லிம்கள் மூத்த அண்ணனைச் சொல்கிறபடி நானும் அவரை நானா என்றே கூப்பிட்டேன். கார்டிலே எல்லா மோட்டாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிசைக் கட்டம் வைத்திருந்தார். ஒரு கட்டம் ரோலருக்கு, ஒரு கட்டம் தேயிலை காய்ச்சுகிற ட்ரையரின் காற்றாடிக்கு, இப்படி. ஒரு கட்டத்தை மட்டும் தனியாக மாற்ற முடியாது. முழு வரிசையையும் எடுத்து, தன் கட்டத்தை மாற்றி, முழு வரிசையையும் திரும்ப எழுத வேண்டும்.

“இது ஒரே அடுப்பில ரெண்டு குடும்பம் சமைக்கிற மாதிரி. ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் சட்டிய வைக்கணும்” என்று நானா முதல் நாளே எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்.

ரோலர் ட்ரைவர் என்னுடையது. அது முதலில் ஏறி அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டது. ட்ரையருக்கான ட்ரைவரை முதலாளியே எழுதினார். அதை ஏற்றப்போனபோது இயங்குதளம் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பியது. அனுப்பத்தானே வேண்டும்? சரியான வழி என்னவென்றால் ஒரே ஒரு ட்ரைவர் அந்த இடத்தை வைத்திருக்க வேண்டும். மற்றது அதனிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்கப் பூட்டு வேண்டும். நான் அதைச் சொன்னேன். வெள்ளைப் பலகையில் படமே போட்டுக் காட்டினேன்.

“ஓம் ஓம், விளங்குது. நான் பாக்கிறன்” என்றார்.

அடுத்த நாள் இரண்டு ட்ரைவரும் ஒன்றாக ஓடின. எப்படி என்று கேட்டேன். “சரிப்பண்ணியிட்டன்” என்றார். பூட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். “எல்லாம் போட்டாச்சு, நீர் உம்மட வேலையப் பாரும்” என்றார். கோடு, அதாவது எழுதிய புரோகிராம், விழாமல் ஓடிக்கொண்டே பொய் சொல்வது என்றால் அதுதான்.

பெட்டியைத் தம்பி வேலை செய்த ஸ்டோரில்தான் முதலில் பூட்டினார்கள். எங்கள் அப்பா அங்கே ஆயுசுக்கும் உழைத்தவர் என்பதால் டீமேக்கர் என்னை நம்பிச் சம்மதித்தார். டீமேக்கர் என்றால் ஃபெக்டரிக்குப் பொறுப்பான ஆள். ரோலர் பக்கத்திலிருந்த பழைய இரும்புச் சுவிச்சைக் கழற்றிவிட்டு, பச்சையும் சிவப்பும் பொத்தான் வைத்த அழகான பெட்டி ஒன்றைப் பூட்டினோம். பொத்தானை அமுக்கினால் அது கார்டுக்குப் போகும், கார்டிலிருந்து என் ட்ரைவருக்குப் போகும், என் ட்ரைவர் கட்டத்தை மாற்றும். சிவப்புப் பொத்தானிலிருந்தாவது மோட்டாருக்கு நேரே வயர் இழுப்போம் என்று நானா கெஞ்சினார். “உது பழைய காலத்து வேலை” என்று முதலாளி ஒதுக்கிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. சுவரில் மெயின் சுவிச் ஒன்று இருந்தது. அதை இழுத்தால் ரோலர் வரிசைக்கே கரண்ட் போகும், கூடவே எங்கள் கொம்பியூட்டரும் அணையும். மறுபடி எழும்ப நேரம் பிடிக்கும். வேலையாட்கள் கை விடும்போதெல்லாம் பழக்கத்தில் மெயினை இழுத்தார்கள். முதலாளி வந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தார். அடுத்த கிழமை மூன்று மொழியிலும் ஒரு போர்டு வந்து தொங்கியது: மெயின் சுவிச்சை நிறுத்தக் கூடாது, சிவப்புப் பொத்தானை மட்டும் பாவிக்கவும். மீறி இழுத்தவனை டீமேக்கர் வீட்டுக்கு அனுப்பினார். ஆட்கள் சிவப்பை அமுக்கி, மெஷின் நின்றதும், அந்தப் புதுப் பெட்டியின் மேலேயே துண்டைப் போடப் பழகிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் ரோலர் தானாக ஓடுகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. நிறுத்திய மெஷின் திடீரென்று மறுபடி ஓடத் தொடங்கும். யாரும் கிட்டே நிற்காத நேரம் என்பதால் மறுபடி சிவப்பை அமுக்கிச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஸ்டோர் மெஷினுக்குக் காவல் ரோதைமுனி. முனி விளையாடுகிறது என்றார்கள். தம்பி எனக்கு போனில் சொன்னான். நான் முதலாளியிடம் சொன்னேன்.

“உங்கட சனத்துக்கு எல்லாத்துக்கும் ஒரு முனி வேணும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கார்டில் ஏதாவது வயர் தளர்ந்திருக்கிறதா என்று நானாவும் நானும் போய்ப் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு காலையில் அம்மா போன் எடுத்து அழுதா. நான் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு. ஆட்காட்டி விரலும் அடுத்த விரலும் இல்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் வலிக்கிறது என்று சொல்லவில்லை, வேறொன்றைச் சொன்னான்.

“அக்கா, நான் செவப்ப அமுக்கினேன். மெஷின் நின்னுச்சு. துண்டையும் போட்டேன். சத்தியமா போட்டேன்.”

“தெரியும்டா. பேசாத.”

“நான் அமுக்கலன்னு டீமேக்கர் ஐயா சொல்றாரு. தூங்கிட்டு வந்தேங்கிறாரு. குடிச்சிருந்தேங்கிறாரு அக்கா. காலையில நான் குடிப்பேனா?”

விசாரணை வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் கவனக்குறைவு என்று முடிவானால் ஸ்டோர் வேலை போகும். வலது கை விரல் இல்லாதவனுக்கு வேறு எந்த ஸ்டோரில் வேலை கிடைக்கும்? குடித்துவிட்டு மெஷினில் கையை விட்டவன் என்ற பேர் மலை முழுக்க அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அதைவிட மோசம், அதே பெட்டி அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு வேறொருத்தன் அதே கதவில் கை விடுவான்.

அம்மா ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, “முனிக்குச் சேவல் குடுக்காம விட்டுட்டோம், அதான் ரத்தங் கேட்டுருச்சு” என்று மூக்கைச் சிந்தினா.

“முனி கேக்கலம்மா! ரத்தங் கேட்டது மனுசன்!” என்று நான் போட்ட கூச்சலில் பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாவம் அம்மா. அவவிடம் ஏன் கத்தினேன்? கத்த வேண்டிய ஆள் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தார்.

நேரே அங்கே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சார், ரோலர் இடத்த என்னோட ட்ரைவர் புடிச்சு வச்சிருக்கு. ஒங்கடத ஏத்துனா பிஸின்னு சொல்லணும். இப்ப சொல்றதில்ல. என்ன செஞ்சீங்க?”

அவர் கதிரையில் சாய்ந்தார். பிறகு பெரிய விஷயம் இல்லாத மாதிரிச் சொன்னார்.

“அந்தக் கேக்கிற வரி இருக்கெல்லோ, அத எடுத்திட்டன். ஒரே ஒரு வரி. அது ஒரு சம்பிரதாயம்தானே பிள்ளை. கேக்காட்டிலும் ஓடுது.”

“பூட்டு?”

“போடேல்லை. ஒவ்வொரு தரமும் கார்டைப் போய் வாசிச்சா வேகம் குறையும். அதால வரிசையின்ர ஒரு கொப்பிய என்ர பக்கத்தில வச்சிருக்கிறன். இடைக்கிடை புதுப்பிக்கும். ட்ரையர் சூடு மாறினா அந்தக் கொப்பியில என்ர கட்டத்த மாத்தி எழுதும்.”

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. ரோலர் ஓடும்போது அவருடைய ட்ரைவர் வரிசையை நகல் எடுத்துக் கொப்பியாக வைத்துக்கொள்கிறது. அதில் ரோலர் கட்டம் ‘ஓடு’ என்று இருக்கும். தம்பி சிவப்பை அமுக்குகிறான். என் ட்ரைவர் கார்டில் ‘நில்’ என்று எழுதுகிறது. ரோலர் நிற்கிறது. தம்பி துண்டைப் போட்டுவிட்டுக் கையை விடுகிறான். அந்த நேரம் பார்த்து ட்ரையரில் சூடு கூடுகிறது. அவருடைய ட்ரைவர் தன்னிடமிருக்கும் பழைய கொப்பியில் காற்றாடிக் கட்டத்தை மட்டும் மாற்றி, முழு வரிசையையும் கார்டில் கொட்டுகிறது. அந்தப் பழைய வரிசையில் ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. விளங்காத ஆள் இல்லை அவர். விளங்கியது. விளங்கியபிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“இத வெளியில கதைச்சா கம்பெனி முடிஞ்சுது. நீர், நானா, எல்லாரும் ரோட்டில. நான் வாற கிழமை சத்தமில்லாமல் திருத்திப் போடுறன். உம்மட தம்பி கவனமில்லாமல் விட்டுட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் துரையோட கதைச்சு ஒரு லேசான வேலை எடுத்துக் குடுக்கிறன். விளங்குதோ?”

“விளங்குது சார். என் தம்பி குடிகாரனாகணும், ஒங்க கோடு நல்ல கோடாகணும். அதானே?”

“பிள்ளை, நிதானமா…”

“எந்த நிதானம்? எங்க ஆளு ஒரு துண்டப் போட்டா துரையே தொடமாட்டாருங்க. படிக்காத சனம்! நீங்க ரெண்டு பட்டம் வாங்கிட்டு வந்து அந்தத் துண்ட எடுத்துக் கடாசியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

இன்னும் நிறையச் சொன்னேன். எழுத முடியாத சொற்கள். கீழே பேக்கரியில் பாண் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

நானா தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். வீடு கட்டிக் கூரை போடாமல் கிடந்தது. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க உரிமையும் இல்லை. அவராகத்தான் எழுந்து, உதிரியாக இருந்த ஒரு கார்டை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார்.

“வாங்க தங்கச்சி, ஊட்டுக்குப் போய்ப் பார்ப்பம். நான் உண்மையச் செல்லாம இருந்தா அல்லாஹ் என்னட்ட கேப்பான்” என்றார்.

அவர் வீட்டு முன்னறையில் வைத்துப் பரிசோதித்தோம். ரோலருக்குப் பதில் ஒரு பல்ப். ட்ரையருக்குப் பதில் சூடு பார்க்கிற கம்பி மட்டும். இரண்டு ட்ரைவரையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஏற்றினோம். சிவப்பை அமுக்கினேன், பல்ப் அணைந்தது. அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த சூடான பிளேன்ரீக்குள் கம்பியை முக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கொப்பி அதற்குள் புதுசாகியிருந்தது. மறுபடி செய்தோம், மறுபடி. தேத்தண்ணி ஆற ஆற புதுசாக ஊற்றிக்கொண்டு வந்தா. பிறகு ஒரு தரம் சிவப்பை அமுக்கி, பல்ப் அணைந்து, கம்பியை முக்கியதும், பல்ப் தானாகப் பளிச்சென்று எரிந்தது. யாரும் பச்சையைத் தொடவில்லை.

“யா அல்லாஹ்” என்று நானா பின்னால் சாய்ந்தார். நான் அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை, மூக்கும் எரியும் தொண்டையும் எரியும்.

விசாரணை ஸ்டோர் ஆபீசில் நடந்தது. பெரிய துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் சிங்களவர், தோட்டத்தில் கிடந்து பழகிய தமிழ் பேசுவார். ஒரு பக்கம் டீமேக்கர், மற்றப் பக்கம் எங்கள் முதலாளி. தம்பி கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை உட்காரச் சொல்ல அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் நானாவும் பிஸ்கட் டின்னோடு உள்ளே போனதும் முதலாளியின் முகம் கறுத்தது.

டீமேக்கர் முதலில் பேசினார். “நான் ஓடி வர்றப்ப மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. சிவப்ப அமுக்கியிருந்தா எப்படி ஓடும்?”

“துண்டு எங்கங்க கெடந்துச்சு?” என்று நான் கேட்டேன்.

அவர் தயங்கினார். “பெட்டி மேலதான்.”

“மெஷின் நிக்காம எவனாச்சும் துண்டு போடுவானா ஐயா? நீங்க எத்தன வருசமா ஸ்டோர்ல இருக்கீங்க?”

அவர் துரையைப் பார்த்தார். துரை பேனாவை உருட்டினார். “துண்டு ஒரு சாட்சி இல்லதானே” என்றார்.

கார்டை வைத்துக் காட்டினோம். எங்கள் கெட்ட நேரம், பல்ப் முதலில் சொன்னபடி கேட்டது. சிவப்பை அமுக்கினால் அணைந்தது, பச்சையை அமுக்கினால் எரிந்தது. முதலாளி மெல்லச் சிரித்தார். பிறகு ஒரு தரம் தானாக எரிந்தது. நான் மேசையில் அடித்தேன்.

“உது ஆபீசில கிடந்த பழைய கார்ட் சேர். வயர் லூசா இருக்கலாம்” என்றார் முதலாளி, ஆங்கிலம் கலந்து, அமைதியாக. “இவ அந்தப் பொடியன்ர அக்கா. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறா. இஞ்ச பூட்டியிருக்கிற மெஷினில ஒரு பிழையும் இல்லை. சிவப்ப அமுக்கினா ரோலர் நிக்கும். நான் உத்தரவாதம்.”

துரை தலையாட்டத் தொடங்கினார். எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல். கோட்டும் ஆங்கிலமும் ஒரு பக்கம், பிஸ்கட் டின்னும் தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு பக்கம். தம்பி என்னைப் பார்த்தான். ‘விடுங்கக்கா, போவோம்’ என்கிற பார்வை. அந்தப் பார்வைதான் எனக்கு ஆங்காரத்தைக் கிளப்பியது.

“சரிங்க சார்” என்றேன். “மெஷின்ல பிழை இல்லைன்னு நீங்க சொல்றீங்க. அடுத்த அறையிலதான் ரோலர் ஓடுது. வாங்க. நான் சிவப்ப அமுக்குறேன். நின்னதும் நீங்க கையை விட்டு ஒரு புடி கொழுந்து எடுத்துக் குடுங்க. எடுத்துட்டா என் தம்பி பொய்யன். அவனக் கூட்டிக்கிட்டு நான் இப்பவே போயிர்றேன்.”

“என்ன பைத்தியக்காரக் கதை!”

“ஏன் சார்? தம்பி கை விட்ட அதே கதவுதானே?”

துரை பேனாவைக் கீழே வைத்தார். “போய்ப் பார்ப்பம்” என்று எழுந்தார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும்.

ரோலர் ரூமில் பச்சைக் கொழுந்து வாசம் குப்பென்று அடித்தது. வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். தம்பியின் துண்டு ஓர் ஆணியில் தொங்கியது. யாரோ கழுவிப் போட்டிருந்தார்கள். அதை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. சிவப்பை அமுக்கினேன். ரோலர் முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நானே துண்டைப் பெட்டிமேல் போட்டேன்.

“இப்ப விடுங்க சார்.”

அவர் அடிக்கதவின் முன்னால் போய்க் குனிந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். உள்ளே பார்த்தார். ட்ரையர் பக்கம் பார்த்தார். ட்ரையர் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. எப்போது சூடு மாறும் என்று யாருக்குத் தெரியும்? அவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. நிமிர்ந்தார். சுவரண்டை நடந்து போனார். அந்தப் போர்டுக்குக் கீழேயிருந்த மெயின் சுவிச்சைப் பிடித்து டக்கென்று இழுத்தார். ரோலர் வரிசையின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு திரும்பி வந்து, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி கொழுந்தை எடுத்து நீட்டினார்.

“இந்தாரும்” என்றார்.

துரை கொழுந்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். “அத ஏன் நிப்பாட்டினது?” என்று கேட்டார்.

“ஒரு பாதுகாப்புக்கு சேர்…”

அவ்வளவு நேரமும் வாய் திறக்காமலிருந்த தம்பி அப்போதுதான் பேசினான். சத்தம் போடவில்லை.

“எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேணாம்னு போர்டு மாட்டுனது நீங்கதானுங்களே சார்.”

வேலையாட்களில் யாரோ ஒருத்தர் ‘அப்படிப் போடு’ என்றார். துரை டீமேக்கரிடம் திரும்பி, போர்டைக் கழற்றச் சொன்னார். சிவப்புப் பொத்தானுக்கு நேரே வயர் இழுக்கும்வரை அந்தப் பெட்டியைப் பாவிக்கக் கூடாது என்றார். தம்பியைப் பார்த்து, “கை சுகமானதும் வேலைக்கு வா” என்றார். மன்னிப்பு மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. துரைமார் சொல்லமாட்டார்கள்.

நானா அங்கேயே ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிமுன் குந்திவிட்டார். பெட்டியைத் திறக்கத் துண்டை எடுக்க வேண்டியிருந்தது. அவர் தொடவில்லை. தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வந்து இடது கையால் அதை எடுத்து, தலையில் கட்டப் பார்த்தான். ஒற்றைக் கையால் முடியவில்லை. நான் கட்டிவிட்டேன்.

முதலாளி இன்னும் அதே இடத்தில்தான் நின்றார். ஐந்து விரலிலும் கொழுந்து ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.